வலிக்காத கேமரா

"எது நல்லதென்று சொல்ல வேண்டாம்.
எது வலிக்காது, அதைச் சொல்"
என்றுதான் கேட்டார்.

நெவுக்கேன் நகரில், என் கடையின்
கண்ணாடி மேஜைக்கு அந்தப்பக்கம்
எவுலோகியோ பைனெஃபில்.
இருபத்தாறு வருடமாய்
ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்.
குனிந்தே சம்பாதித்த முதுகு
நிமிர்ந்து பார்க்கக் கேட்பது
இரண்டு நிமிடம், ஒன்பது வினாடி.

இருப்பதிலேயே பெரிய லென்ஸை எடுத்துக் கொடுத்தேன்.
வயிற்றுக்கடியில் கைகொடுத்து
குட்டியைத் தூக்குவதுபோல் வாங்கினார்.
"பிறந்து நாலு நாள் இருக்கும்" என்றார் எடை பார்த்து.
"இதைப்போய் யாராவது
கண்ணுக்கு மேலே பிடித்து நிற்பார்களா?"
திரும்ப என் கையில் கிடத்தினார்.

முக்காலியின் தலையில் விரலால் சுண்டினார்.
நடுக்கம் நிற்கும்வரை எண்ணினார், ஏழு.
"என் கையே தேவலை.
எங்கள் பக்கத்துக் காற்றைக்
கடைக்குள் இருப்பவளுக்கு எப்படிச் சொல்ல?"

மதியம் ஒரு மணிக் கிரகணம்.
சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும்.
கேமராவுக்கு அடியில் மண்டியிட்டு
அண்ணாந்து பார்ப்பது எப்படியென்று
நானே செய்து காட்டினேன்.
என் முழங்கால் சொடுக்கியது
அவருக்குக் கேட்டுவிட்டது.
சிரிக்கவில்லை. தொப்பியைச் சுருட்டித்
தலைக்கு வைத்து
கடைத்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.
பேட்டரி வாங்க வந்த பெண்
அவர் கால்களைத் தாண்டிப் போனாள்.

கூரையின் டியூப்லைட்டைச் சூரியன் என்று வைத்துக்கொண்டோம்.
திரை மடங்கித் திரும்பும் பழைய கேமரா ஒன்று,
ஒரு கை ரொட்டிக்கு மேல் எடையில்லாத லென்ஸ்,
நீளமான வயர் வைத்த பொத்தான்.
"இங்கிருந்து தெரிகிறது" என்றார் தரையிலிருந்து.

ஃபில்டரில் மட்டும் தகராறு.
திருகி மாட்டுவதைத் தள்ளிவிட்டார்.
கத்தரிக்கோல் தின்ற கட்டைவிரல்
முழுசாய் மடங்காது.
"இருட்டியதும் கழற்ற வேண்டும்,
வெளிச்சம் துளிர்த்ததும் மாட்ட வேண்டும்,
குல்லாய்போல இருப்பதைக் கொடு."
இலவசமாய்த் தந்த கழுத்துப் பட்டையையும்
மேஜையிலேயே விட்டுவிட்டார்.
"கழுத்துக்கு ஏற்கெனவே நிறையக் கடன்."
கொடுத்த நோட்டுகளில்
ரோமக் கொழுப்பின் வாடை.

பியெத்ரா தெல் ஆகிலாவில் அன்றைக்கு
மண்ணை வாரி அடித்தது காற்று.
முக்காலியை முழங்கால் உயரத்துக்கு அகட்டி
கல் நிரப்பிய சாக்கை அதன் வயிற்றில் தொங்கவிட்டு
ரோமப் பொதிமேல் அவர் படுத்திருந்தார்,
பாதங்கள் வடக்கே.
நாற்பதடி தள்ளி
நாலு நாள் குட்டியோடு நான்.
பத்து மணிக்கே கழுத்து பிடித்துக்கொண்டது.

பிறகு அது வந்தது.
மணிக்கட்டின் உள்பக்கம் சில்லிட்டது.
பட்டியில் ஆடுகளெல்லாம்
ஒரே பக்கம் முகம் திருப்பின.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
மற்ற நேரமெல்லாம்
சின்னக் கட்டத்துக்குள் வட்டம் நடுவில் இருக்கிறதா
என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுபத்து மூன்று படம்.
எழுபத்து மூன்றிலும் நடுவில்.

மறுவாரம் கார்டைக் கொண்டுவந்தார்.
பதினொரு படம். நாலு காற்றில் கலங்கியவை.
முதலிலிருந்து கடைசிக்கு
கறுப்பு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாய்
இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.
"முக்காலி வழுக்கியிருக்கும்" என்றேன்.

பதில் சொல்லாமல் என் கணினித் திரையில்
நகத்தை வைத்து அளந்தார்,
மேலுதட்டைக் கடித்துக்கொண்டு,
இருமுறை.
சரியாக ஒரு சூரிய அகலம்.
"அது போயிருக்கிறது" என்றார்.
"நான் அசையவில்லை. சுகமாகப் படுத்திருந்தேன்."

ஒரு பிரதி போட்டுத் தரட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றவர்
வாசல்வரை போய்த் திரும்பினார்.
அந்தக் கழுத்துப் பட்டை இன்னும் இருக்கிறதா?
பட்டிக் கதவின் கொக்கி
அன்றைய காற்றில் பிய்ந்துவிட்டதாம்.